புவெனோஸ் ஐரெஸில் யூத மாணவர்களுக்கு ஹோஸ்ட் வீடு: என்ன கேட்க வேண்டும், என்ன தயார் செய்ய வேண்டும்?

மேகலை
வணக்கம். 2026 ஆகஸ்ட் பருவத்துக்குப் புவெனோஸ் ஐரெஸ் போகும் அமெரிக்க மாணவர்களுக்கு ஹோஸ்ட் வீடு ஒதுக்க வேண்டும். மூன்று பேர் படிவத்தில் "யூதர், கோஷர்" (யூத உணவு விதிப்படி சாப்பிடுபவர்) என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வகுப்பு முடிந்த பிறகும் டிசம்பர் நடுவரை தங்கி, ஒரு சமூக உணவுக்கூடத்தில் தொண்டு செய்யப் போகிறார். ஒப்பந்தப்படி தினமும் காலை உணவு, வாரத்துக்கு 5 இரவு உணவு குடும்பத்தின் பொறுப்பு. அங்கே யூதக் குடும்பங்கள் நிறைய இருக்கின்றனவே, மூவரையும் யூத வீட்டில் விட்டால் போதும் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். அது சரியா?

தென்கடல்
சரியில்லை அக்கா. அர்ஜென்டினாவில் சுமார் 1,80,000 யூதர்கள் இருக்கிறார்கள், லத்தீன் அமெரிக்காவிலேயே பெரிய சமூகம் அதுதான். பெரும்பாலோர் தலைநகரிலும் அதன் புறநகர்களிலும் வாழ்கிறார்கள். ஆனால் அவர்களில் கோஷர் சமையலறை வைத்திருப்பவர்கள் சிறுபான்மை. வெள்ளி இரவு குடும்பமாகக் கூடிச் சாப்பிடுவார்கள், யோம் கிப்பூர் நோன்பு நாளுக்கு யூதக் கோயிலுக்குப் போவார்கள், சனிக்கிழமை மதியம் வீட்டு மொட்டைமாடியில் அசாடோவுக்கு (இறைச்சி சுடும் விருந்து) நெருப்பும் மூட்டுவார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஷப்பாத்தை (வெள்ளி சூரியன் மறைவதற்குச் சற்று முன்பிருந்து சனி இரவு வரை, நெருப்பு, மின்சுவிட்ச், வண்டி எதையும் தொடாத ஓய்வு நாள்) முழுமையாகக் கடைப்பிடிக்கும் மாணவருக்கு அந்த வீடு பொருந்தாது.

யூத வீடுதானே என்று மாணவர் எதுவும் கேட்காமல் இருந்துவிடுவார். நம் வழக்கம் தெரிந்த பிள்ளைதானே என்று வீட்டுக்காரர்களும் விளக்காமல் இருந்துவிடுவார்கள். முதல் வெள்ளிக்கிழமையே இரண்டு பக்கமும் மனம் நோகும். யூதரல்லாத வீட்டில் எல்லாமே பேசித்தான் ஆக வேண்டும் என்பதால் இந்தச் சிக்கல் குறைவு.

"யூதரா" என்ற கேள்வியை வைத்து வீடு ஒதுக்காதீர்கள். அந்த மாணவர் தினமும் என்ன செய்கிறார், எதைச் செய்யமாட்டார் என்பதை வைத்து ஒதுக்குங்கள்.

பொருநை
அதற்குப் படிவத்தையே மாற்ற வேண்டும். "கோஷரா?" என்று கேட்டால் ஆம் என்றுதான் பதில் வரும். அந்த ஆமுக்குள் நாலைந்து விதமான மனிதர்கள் இருக்கிறார்கள். கீழ்க்கண்ட வரிசையில் கேளுங்கள், ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கடினமானது.

பன்றியும் ஓடுள்ள கடல் உணவும் மட்டும் தவிர்ப்பாரா? இறைச்சியையும் பாலையும் ஒரே வேளையில் கலக்காமல் இருப்பாரா? வெளியில் இறைச்சி தவிர்த்து, காய்கறி, முட்டை, மீன் மட்டும் யார் தட்டிலும் சாப்பிடுவாரா? பிறர் பாத்திரத்தில் சமைத்த சூடான எதையும் தொடமாட்டார், ஆனால் சாலட், பழம் போன்ற ஆறியதைக் கண்ணாடித் தட்டில் ஏற்பாரா? கோஷர் சான்று இல்லாத எதையும் தொடாதவரா? கடைசி வகை என்றால் இன்னும் இரண்டு கேள்வி: பாலுக்கும் யூத மேற்பார்வை வேண்டுமா, ரொட்டிக்கும் வேண்டுமா?

இறைச்சி சாப்பிட்டபின் பாலுக்கு எவ்வளவு நேரம் இடைவெளி என்றும் கேளுங்கள். பலர் 6 மணி நேரம் காப்பார்கள், 3 மணி நேரமும் 1 மணி நேரமும் காக்கும் குடும்ப வழக்கங்களும் உண்டு. அர்ஜென்டினாவில் இரவு உணவு 9, 10 மணிக்கு. அதில் இறைச்சி என்றால், பிறகு வரும் துல்சே தே லெச்சே (பாலைச் சுண்டக் காய்ச்சிய இனிப்பு) வைத்த பண்டத்தை மாணவர் ஒவ்வொரு நாளும் மறுக்க நேரும். முன்பே சொல்லிவைத்தால் வீட்டம்மா பழம் வைத்துவிடுவார்.

ஷப்பாத்துக்குத் தனிக் கேள்விகள்: விளக்கு சுவிட்சைத் தொடுவாரா, லிஃப்டில் ஏறுவாரா, பேருந்தில் போவாரா, வீதியில் சாவி எடுத்துச் செல்வாரா, போன் எடுப்பாரா?

இன்னொன்று. மதம் குறித்த தகவலை மாணவரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் குடும்பங்களுக்கு அனுப்பாதீர்கள். முதல் சுற்றில் பெயர் இல்லாமல் உணவு, சனிக்கிழமை நிபந்தனைகளை மட்டும் அனுப்பினாலே வீடு தேடிவிடலாம்.

கோடைமழை
நடு நிலையில் இருப்பவருக்கு, அதாவது "வெளியில் இறைச்சி வேண்டாம், பாத்திரம் பற்றிக் கவலையில்லை" என்பவருக்கு, சைவம் சமைக்கும் எந்த வீடும் பொருந்தும்தானே? அதைத் தேடுவது எளிது.

அடுக்களை
ஓரளவுதான். சைவம் என்ற சொல்லை நம்பி விட்டுவிடாதீங்க. அங்கே "கார்னே" என்றால் பலர் மனசில் மாட்டிறைச்சி மட்டும்தான். கார்னே வேண்டாம்னு சொன்னா கோழியோ, ஹாமும் (பன்றி இறைச்சி) சீஸும் வைத்த தார்த்தாவோ (உப்புப் பை) தட்டில் வரும். "மாடு, கோழி, ஹாம், விலங்குக் கொழுப்பு எதுவும் கூடாது, முட்டை, பால், செதிளும் துடுப்பும் உள்ள மீன் சரி" என்று ஸ்பானிய மொழியில் எழுதிக் கொடுங்க.

கொழுப்புதான் யாரும் கவனிக்காத இடம். மெடியாலூனாவில் (பிறை வடிவ ரொட்டி) வெண்ணெய் போட்டது ஒன்று, "தே கிராஸா" என்கிற கொழுப்பு போட்டது இன்னொன்று. காலை உணவுக்குப் பேக்கரியில் கலந்து ஒரு டஜன் வாங்கினால் இரண்டும் ஒரே பொட்டலத்தில் வரும். எம்பனாடா (பூரணம் வைத்து மடித்த பண்டம்) செய்யக் கடையில் விற்கும் மாவுத் தட்டுகளிலும், சாதாரண உப்பு பிஸ்கட்டுகளிலும் மாட்டுக் கொழுப்பு இருக்கலாம். உறையில் "கிராஸா போவினா" அல்லது "கிராஸா வாகூனா" என்று இருக்கும். எண்ணெயில் செய்த வகையும் கிடைக்கிறது, ஆனால் கண்டிப்பானவருக்கு உறையைப் படிப்பது போதாது, சான்றும் வேண்டும். இளஞ்சிவப்பு யோகர்ட்டிலும் மிட்டாயிலும் கார்மின் (ஐஎன்எஸ் 120), அது பூச்சியில் எடுக்கும் நிறம். ஜெலட்டின், சீஸ் உறைய வைக்கும் ரென்னெட், இவையும் விலங்கிலிருந்து வரக்கூடியவை.

அங்கே எல்லாரும் குடிக்கும் மூலிகைத் தேநீரான மாட்டேயின் சாதா இலையில் பொதுவாகச் சிக்கல் இல்லை. பழச்சுவை, மூலிகை சேர்த்த வகைகளுக்குச் சான்று பார்க்கணும். ஒரே குழலை எல்லாரும் சுற்றி உறிஞ்சுவது அந்த ஊர்ப் பாசம், அதை மறுத்தால் வருத்தப்படுவாங்க. மாணவர் தனக்கென ஒரு குவளையும் பொம்பீஷாவும் (அந்த உறிஞ்சு குழல்) வைத்துக்கொண்டு கூடவே உட்கார்ந்து குடிக்கட்டும்.

எந்தப் பொருள் ஏற்றது என்பதற்கு அஹ்தூத் கோஷர் மாதிரியான சான்று அமைப்புகள் பட்டியல் வெளியிடுகின்றன. சாதாரண சூப்பர் மார்க்கெட் பொருட்கள் பலவும் அதில் இருக்கும், சில உறைகளில் முத்திரை இல்லாமலேயே. அதனால் முத்திரையை மட்டும் தேடும் அமெரிக்க மாணவர் தேவையில்லாமல் பட்டினி கிடப்பார். வந்த முதல் நாளே பட்டியலை போனில் இறக்கிக்கொள்ளச் சொல்லுங்க.

மேகலை
மிக்க நன்றி. மூவரிடமும் புதுப் படிவம் அனுப்பிப் பதில் வாங்கினேன். ஒருவர் பன்றி மட்டும் தவிர்ப்பவர். இன்னொருவர் வெளியில் சைவம். மூன்றாமவர், அந்தத் தொண்டு செய்யப் போகிற பெண், சான்றில்லாத எதையும் தொடமாட்டார், ஷப்பாத் முழுமையாக. அவருக்குக் கோஷர் வீடு எதுவும் எங்கள் பட்டியலில் இல்லை. யூதரல்லாத ஒரு வீட்டம்மா மனமுவந்து "நான் ஏற்பாடு செய்கிறேன்" என்கிறார்.

தென்கடல்
வீட்டம்மாவின் மனசு பெரிது. ஆனாலும் வேண்டாம் என்பேன். அந்தப் பெண் நாலரை மாதம் பிறர் சமையலறையில் ஒரு மூலையில் நின்று சமைத்து, குடும்பத்தோடு ஒரு வேளைகூடச் சேர்ந்து சூடாகச் சாப்பிட முடியாமல் இருப்பார். ஹோஸ்ட் வீட்டின் பயனே மேசையில் உட்கார்ந்து பேசுவதுதான். ஓன்ஸே, ஃப்ளோரெஸ், பாலெர்மோ, பெல்கிரானோ பகுதிகளில் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அங்குள்ள ஹில்லெல் (யூத மாணவர் அமைப்பு), ஹபாத் (யூத மத அமைப்பு) மையங்கள் வழியாகக் கேட்டால் அறை கிடைக்கலாம்.

கோடைமழை
தேட வேண்டியதுதான், ஆனால் கிடைக்காவிட்டால்? கண்டிப்பான குடும்பங்களில் பிள்ளைகள் அதிகம், உபரி அறை அரிது. வாரநாள் ஒரு வீட்டிலும், ஷப்பாத் மட்டும் கோஷர் குடும்பத்திலும் என்று பிரித்தால் யூதரல்லாத வீடும் நடக்கும். மேசையில் சேர்ந்து உட்காரத் தடை ஏதுமில்லை, உணவு மட்டும் வேறு. தன் தட்டுக்குக் கீழே தனித் துணியோ விரிப்போ போட்டுக்கொண்டால் சரி. சமையலறை ஏற்பாடு உறுதியாக இருக்கிறதா என்பதில்தான் இது நிற்கும்.

அடுக்களை
அந்த உறுதிக்கு என்ன வேணும்னு சொல்றேன்.

பாத்திரம்: 24 செ.மீ. வாணலி 1, 3 லிட்டர் குண்டான் 1, சின்ன குண்டான் 1, கத்தி, பலகை, காய் சீவி, கரண்டி, வடிகட்டி, இரண்டு பஞ்சு, ஒரு பிளாஸ்டிக் தொட்டி. நாலு மாசத்துக்கு இறைச்சிப் பாத்திரம், பால் பாத்திரம் என்று இரண்டு அடுக்கு வைக்காதீங்க. வீட்டில் பால் வகையும் பொது வகையும் மட்டும், இறைச்சி கோஷர் உணவகத்திலோ ஷப்பாத் வீட்டிலோ என்று வைத்தால் வேலையும் செலவும் பாதி. எல்லாவற்றையும் பூட்டுள்ள ஒரு பெட்டியில் வைக்கணும். பூட்டு சந்தேகத்துக்காக இல்லை. வாரம் இருமுறை துப்புரவுக்கு வருகிறவர் அன்போடு எல்லாவற்றையும் கழுவிப் பொது அலமாரியில் அடுக்கிவிடுவார், அங்கேதான் இந்த ஏற்பாடு பெரும்பாலும் உடையும். பொதுப் பஞ்சால் வெந்நீரில் தேய்த்துவிட்டால் அந்தப் பாத்திரம் பற்றி ரபையிடம் (யூத மதகுரு) கேட்கும்வரை ஓரமாக வைக்கணும்.

புதிய உலோக, கண்ணாடிப் பாத்திரங்களைப் பயன்படுத்துவதற்கு முன் மிக்வேயில் (யூதச் சடங்கு நீர்த்தொட்டி) முக்கி எடுப்பாங்க. விலைச்சீட்டின் பசை ஒட்டியிருந்தால் தண்ணீர் படாது, முதலில் சுரண்டி எடுக்கணும். பிளாஸ்டிக்குக்குப் பெரும்பாலோர் முக்குவதில்லை. இதற்கு அரை நாள் ஒதுக்குங்க. வந்த அன்றே சமைக்க முடியும் என்று நினைத்துத்தான் முதல் வாரம் சொதப்பும். முதல் மூணு நாளுக்குத் தட்டு, கரண்டி எல்லாம் காகிதமும் பிளாஸ்டிக்குமாக இருக்கட்டும்.

அடுப்பு: தனி மின் அடுப்பு அந்த ஊரிலேயே வாங்கணும். அர்ஜென்டினாவில் 220 வோல்ட், சாய்ந்த தட்டைப் பின் சாக்கெட். அமெரிக்காவிலிருந்து 120 வோல்ட் சாதனத்தைக் கொண்டுவந்து வெறும் பின் மாற்றியில் சொருகினால் கருகிவிடும். வீட்டு அவனைப் பயன்படுத்தினால் உணவை மூடி இரட்டை அலுமினியத் தாளில் சுற்றணும், மைக்ரோவேவிலும் இரட்டை உறை, ஆனால் அலுமினியம் கூடாது.

வெங்காயம், பூண்டு, எலுமிச்சை இவற்றை வீட்டுக் கத்தியால் நறுக்கி "இது காய்தானே" என்று கொடுக்காதீங்க. காரமானது கத்தியில் இருப்பதை இழுத்துக்கொள்ளும் என்பது விதி. நம்ம பக்கம் மடிச் சமையலில் கரண்டி மாறினால் பாட்டிகள் எழுந்துவிடுவதை நினைச்சுப் பாருங்க, அந்தக் கவனம் இங்கேயும் வேணும்.

வீட்டம்மாவே மாணவியின் பாத்திரத்தில் சமைத்துத் தர ஆசைப்பட்டால், மாணவி அங்கே இருக்கணும், அடுப்பை மாணவி பற்ற வைக்கணும். அஷ்கெனாசி (ஐரோப்பிய யூதர்) வழக்கத்துக்கு அது போதும். செஃபார்டி (ஸ்பெயின், மத்திய கிழக்கு வழி யூதர்) வழக்கத்தில் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவதும் மாணவியாக இருக்கணும்.

தென்கடல்
அடுக்களை சொன்னதைப் படித்தபின், வாரநாளுக்கு ஒத்துக்கொள்கிறேன். ஷப்பாத்துக்கு வேறு வீடு என்பதை மட்டும் விருப்பமாக விடாமல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். எல்லா வாரமும் அழைப்பு கிடைக்காது, தேர்வு நேரத்தில் அவரே போக விரும்பமாட்டார். அதனால் ஹோஸ்ட் வீட்டையும் தயார் செய்தாக வேண்டும்.

நேரம் முதலில். ஆகஸ்ட் முதல் வாரத்தில் அங்கே சூரியன் மாலை 6.15 வாக்கில் மறைகிறது, ஷப்பாத்தைத் தொடங்கும் மெழுகுவத்தியை அதற்கு 18 நிமிடம் முன்பு ஏற்ற வேண்டும். வெள்ளி வகுப்பு 6 மணிக்கு முடிந்தால் கதை முடிந்தது, 4 மணிக்குள் முடியும் பாடங்களைத்தான் எடுக்க வேண்டும். டிசம்பரில் மறைவு இரவு 8 மணிவாக்கில், ஷப்பாத் முடிவது சனி இரவு எட்டே முக்கால் வாக்கில். தென் கோளம் என்பதால் அமெரிக்காவில் பழகிய கணக்கு தலைகீழ்.

வீடு நாலாவது மாடிக்கு மேல் வேண்டாம், ஷப்பாத்தில் லிஃப்டில் ஏறமாட்டாரே. தெருக்கதவு சாவிதான் பெரிய தலைவலி. பல கட்டடங்களில் உள்ளிருந்து வெளியே போகவும் சாவி வேண்டும். மின்மணியை அழுத்த முடியாது, காவலாளர் சனி மதியத்துக்குப் பிறகு இருக்கமாட்டார். சாவியையே கொக்கியாகக் கொண்ட இடுப்புப் பட்டை ஒன்று உண்டு, அணிந்து செல்வதால் சுமப்பதில் சேராது. ஆனால் புதிய கட்டடங்களில் காந்த அட்டைக் கதவு, அங்கே அந்தப் பட்டை பயன்படாது. வீடு பார்க்கப் போகிறவர் தெருக்கதவைப் படம் எடுத்து அனுப்பட்டும், ஒதுக்குவதற்கு முன்பே.

குளிர்பெட்டி விளக்கின் சுவிட்சை டேப்பால் ஒட்ட வேண்டும். கழிவறை விளக்கு எரிந்தபடியே இருக்க வேண்டும், அணைக்காதீர்கள் என்று சுவிட்சின் மேல் காகிதம் ஒட்டுங்கள். சிக்கனமான வீட்டம்மாக்கள் கை தானாகவே அணைத்துவிடும். பிறகு மாணவி "போடுங்கள்" என்று கேட்கவும் முடியாது, தனக்காகச் செய்யச் சொல்வது பொதுவாக விலக்கு. வெந்நீர்க் குழாயைத் திறந்தால் காலெஃபோனில் (காஸ் வெந்நீர்க் கருவி) தீ பற்றும், அதனால் அன்று பச்சைத் தண்ணீர் மட்டும்.

உணவைச் சூடாக வைக்க காஸ் அடுப்பை 25 மணி நேரம் எரியவிட அனுமதிக்காதீர்கள். குளிர்காலத்தில் கார்பன் மோனாக்சைடு அங்கே ஆண்டுதோறும் உயிர் வாங்குகிறது. மின்தட்டு என்றாலும் புகை எச்சரிப்புக் கருவி கட்டாயம். 2015 மார்ச்சில் நியூயார்க்கின் ப்ரூக்ளினில் ஷப்பாத்துக்காக இயங்கவிட்ட மின்தட்டிலிருந்து தீப்பிடித்து ஒரே வீட்டில் ஏழு குழந்தைகள் இறந்தார்கள். அந்த வீட்டில் கருவி அடித்தளத்தில் மட்டும் இருந்தது. திரைச்சீலை இல்லாத இடம், கல் மேடை, அறைக்கு வெளியே கருவி. இதில் பேரம் வேண்டாம்.

பொருநை
நாட்காட்டி. 2026இல் ரோஷ் ஹஷானா (யூதப் புத்தாண்டு) செப்டம்பர் 11 வெள்ளி மாலை தொடங்கி 13 ஞாயிறு வரை. யோம் கிப்பூர் 20 ஞாயிறு மாலை முதல் 21 திங்கள் இரவு வரை. சுக்கோத் (கூடாரப் பண்டிகை) 25 வெள்ளி மாலை தொடங்கும், அதன் முதல் இரண்டு நாளும் அக்டோபர் 3, 4 ஆகிய இறுதி நாட்களும் சனி, ஞாயிறில் விழுகின்றன. ஆக இந்தப் பருவத்தில் முழுதாக இழக்கும் வகுப்பு நாள் திங்கள் ஒன்றுதான். ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர் நாட்களை யூத மதத்தினருக்கு வேலையில்லா நாட்களாக அர்ஜென்டினா சட்டமே ஏற்றிருக்கிறது. ஆசிரியரிடம் கேட்கத் தயங்க வேண்டாம், ஆனால் முதல் வாரத்திலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.

யோம் கிப்பூர் 25 மணி நேரம், தண்ணீரும் இல்லை. வீட்டுக்காரர்களுக்குச் சொல்லாவிட்டால் உடம்பு சரியில்லை என்று பயந்து மாட்டேவும் பிஸ்கட்டும் கொண்டுவந்து நிற்பார்கள்.

மார்ச் பருவத்துக்கு மாணவர் வந்தால், புளித்த ரொட்டியை விலக்கும் பெசாக் பண்டிகை இருக்கிறது (2027இல் ஏப்ரல் 21 மாலை தொடங்கி 8 நாள்). கண்டிப்பானவரை அந்த 8 நாளும் ரொட்டி நிறைந்த வீட்டில் வைக்காதீர்கள், கோஷர் குடும்பத்துக்கே அனுப்பிவிடுங்கள்.

கோயிலுக்கு முதல் முறை போகும் முன் மின்னஞ்சலில் தெரிவிக்க வேண்டும், பாஸ்போர்ட் நகலும் கேட்பார்கள். 1994 ஜூலை 18 அன்று ஆமியா (யூத சமூக மையம்) கட்டடத்தில் குண்டு வெடித்து 85 பேர் இறந்த பிறகு வந்த நடைமுறை இது. வாசலில் வரிசையாக நிற்கும் கான்கிரீட் தூண்களும் அப்போதிலிருந்து வந்தவைதான். முன்பதிவை வெள்ளி மதியத்துக்கு விடாதீர்கள், ஷப்பாத் அன்று போனும் ஆவணமும் கையில் இருக்காது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

பணம்: மூன்றாமவர் வீட்டு உணவு சாப்பிடப் போவதில்லை என்பதால் "அறை, சமையலறைப் பயன்பாடு" என்று தனி விலை போடுங்கள். ஆனால் முழு உணவுத் தொகையையும் கழிக்காதீர்கள். குளிர்பெட்டியில் ஒரு தட்டு, மின்சாரம், வீட்டம்மாவின் பொறுமை எல்லாவற்றுக்கும் விலை உண்டு. மிச்சத்தை மாணவிக்கு உணவுப் படியாகக் கொடுங்கள், கோஷர் உணவு விலை கூடுதல்.

கோடைமழை
தொண்டுக்கும் ஒரு குறிப்பு. உணவுக்கூடங்களில் குழம்பில் பெரும்பாலும் மாடும் கோழியும்தான், தொண்டர்களும் அதையே சாப்பிடுவார்கள். கோஷர் இல்லாத இறைச்சியைப் பிறருக்குப் பரிமாறலாமா, சமைக்கலாமா என்பதை மாணவி தன் ரபையிடம் புறப்படும் முன்பே கேட்டுக்கொள்ளட்டும். இறைச்சியையும் பாலையும் சேர்த்துச் சமைப்பது தான் சாப்பிடாவிட்டாலும் விலக்கு. பால் ஊற்றிய இறைச்சி உணவில் அவரைக் கை வைக்கச் சொல்லாதீர்கள். காய் நறுக்குவது, பிள்ளைகளுக்குப் பாடம், கணக்கு எழுதுவது என்று வேலை மாற்றலாம். சனிக்கிழமை முறையை ஞாயிறாக மாற்றிக் கடிதம் வாங்குங்கள். இகுவாசு அருவிப் பயணமும் வழக்கமாக வெள்ளி முதல் ஞாயிறு வரை, அதற்கும் இப்போதே மாற்றுத் தேதி கேளுங்கள்.

வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை: மத்திய கிழக்குச் செய்திகளுக்கு மாணவியைப் பதில் சொல்ல வைக்க வேண்டாம். அவராகப் பேசினால் பேசட்டும். புண்படுத்தும் பேச்சு நடந்தால் 48 மணி நேரத்தில் வீடு மாற்ற ஒரு மாற்று வீட்டைப் பருவம் முழுதும் காலியாக வைத்திருங்கள்.

மேகலை
முதல் இருவருக்கும் வீடு முடிவாகிவிட்டது. மூன்றாமவருக்கு வாரநாள் அந்த அம்மா வீடு (இரண்டாவது மாடி, சாதாரண சாவிக் கதவு, படம் வந்துவிட்டது), ஷப்பாத்துக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு கோஷர் குடும்பம் சம்மதித்திருக்கிறது. கடைசியாக ஒன்று: டிசம்பரில் அவர் ஹோஸ்ட் வீட்டிலேயே ஹனுக்கா (எட்டு நாள் விளக்குப் பண்டிகை) விளக்கு ஏற்ற விரும்புகிறார், முதல் நாள் வெள்ளி என்கிறார்.

அடுக்களை
ஆமாம், டிசம்பர் 4 வெள்ளி. அன்று ஹனுக்கா விளக்கை முதலில் ஏற்றி, பிறகு ஷப்பாத் விளக்கு. ரெண்டும் சூரியன் மறைவதற்கு முன், ஏழரை மணிவாக்கில். ஆனால் ஹனுக்கா விளக்கு இருட்டி அரை மணி நேரம் வரை எரியணும், அங்கே கோடை என்பதால் இருட்டவே எட்டரை ஆகும். பெட்டியில் வரும் மெல்லிய வண்ண மெழுகுவத்தி அரை மணியில் தீர்ந்துவிடும். அன்றைக்கு மட்டும் குறைந்தது 2 மணி நேரம் எரியும் தடித்த மெழுகுவத்தியோ, எண்ணெய் நிரம்பிய சின்னக் கண்ணாடிக் கிண்ணமோ வேணும். அகல உலோகத் தட்டின் மேல் வைக்கணும், ஜன்னல் திரையைக் கழற்றிவிடணும், மின்விசிறி அந்த அறையில் ஓடக்கூடாது. ஏற்றிய பிறகு தட்டை நகர்த்தவோ அணைக்கவோ அவரால் முடியாது, அதனால் இடத்தை வியாழனே முடிவு பண்ணச் சொல்லுங்க.